கடற்கரையில் வானொலி வீடு... ஊர்த் தலைவாசலில் ரேடியோ ரூம்!

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்தப் பக்கம் இருந்து கிளம்பினாலும், கிழக்குக் கடலைப் பார்க்க ஒரு ராத்திரிப் பயணம் போக வேண்டும். ஆனாலும், கடலையே பார்க்காத நம் பாட்டன் பூட்டன்மார் பலருக்கு, கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கட்டடம் பழக்கமானது. அதன் சுவர் என்ன நிறம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதன் குரல் தெரியும். 'ஆல் இந்தியா ரேடியோ... சென்னை வானொலி நிலையம்' என்று சாயங்காலம் ஒலித்தால், மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்த் தலைவாசலுக்கு வந்து உட்கார்ந்த தலைமுறை அது.

அந்தக் குரல் புறப்பட்ட இடம் சென்னை மெரினாவில் இன்றும் இருக்கிறது. அது வந்து சேர்ந்த இடமான பஞ்சாயத்து ரேடியோ ரூம்தான் நம் ஊர்களில் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், இவற்றை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பது விளங்கும்.

இரவு ரயில், விடிந்தால் கடல்

கோவையில் இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால், விடியும்போது சென்னை சென்ட்ரல். எதிரே பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலைப் பிடித்து, 'கலங்கரை விளக்கம்' நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தோ ஆட்டோவிலோ போனால் காமராஜர் சாலை. சாலைக்குக் கிழக்கே மணலும் கடலும். மேற்கே வரிசையாகப் பழைய கட்டடங்கள். 1977-ல் திறக்கப்பட்ட, லிஃப்ட் வைத்த கலங்கரை விளக்கம் ஒரு பக்கம் நிற்க, அதற்கு அருகிலேயே சாலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது சென்னை வானொலி நிலையம்.

பார்த்தவுடன் வாயைப் பிளக்க வைக்கும் கட்டடம் இல்லை. குவிமாடம் கிடையாது, சிற்ப வேலை கிடையாது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, அரசாங்கம் சிக்கனமாகவும் கச்சிதமாகவும் கட்டிய காலத்துக் கட்டடம். 1954-ல் நிலையம் இங்கே குடிவந்தது. அதற்கு முன்பு எழும்பூரில், மார்ஷல் சாலையில் ஒரு பங்களாவில் இயங்கியது. அங்கே 1938 ஜூன் 16-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது.

இப்போதும் வேலை நடக்கிற அரசு நிலையம் என்பதால், அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்ப்பதற்குத் தடையில்லை. கடற்காற்று முகத்தில் அடிக்க, அந்தக் கட்டடத்தின் எதிரே அரை மணி நேரம் நின்றால், கதை முழுவதும் பிடிபடும்.

கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கி

மெரினாவுக்கும் வானொலிக்கும் உறவு 1954-ல் தொடங்கியது இல்லை. 1924-லேயே சென்னை ராஜதானி ரேடியோ கிளப் என்ற அமைப்பு, சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்பவரின் முயற்சியால் ஒலிபரப்பு நடத்தியது. இந்தியாவிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று அது. முதலில் வைத்திருந்த ஒலிபரப்புக் கருவியின் சக்தி வெறும் 40 வாட். வீட்டில் எரியும் ஒரு குண்டு பல்பின் அளவு! பணம் இல்லாமல் 1927-ல் அந்த கிளப் நின்று போனது. பிறகு, சென்னை மாநகராட்சி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, 1930 முதல் 1938 வரை தானே வானொலி நடத்தியது.

அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டி வாங்குவது, இன்றைக்கு டிராக்டர் வாங்குவது போல. பெட்டி இல்லாதவர்கள் எப்படிக் கேட்பது? மாநகராட்சி அதற்கு ஒரு வழி செய்தது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. சாயங்காலம் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து இலவசமாகப் பாட்டுக் கேட்டார்கள்.

நம் ஊர் ரேடியோ ரூமுக்கும் இதே யோசனைதான் அடிப்படை. காசு உள்ளவன் வீட்டுக்குள் கேட்பான்; மற்றவர்களுக்கு ஊர் சேர்ந்து ஒரு பெட்டி. கடற்கரையில் செய்ததை, கொங்கு நாட்டில் ஊர்த் தலைவாசலில் செய்தார்கள்.

சாவியோடு வருகிறவருக்காகக் காத்திருந்த ஊர்

ரேடியோ ரூமைப் பார்த்திராத இளைஞர்களுக்காக: அது பத்துக்குப் பத்து அளவில்கூட இல்லாத சின்ன அறை. பிள்ளையார் கோயில் பக்கத்திலோ, குளத்தங்கரையிலோ, அரசமரத்து மேடையை ஒட்டியோ இருக்கும். உள்ளே ஒரு பெட்டி. கூரை மேல் கம்பத்தில் கட்டிய புனல் போன்ற ஒலிபெருக்கி. கதவுக்கு மேலே கட்டிய ஆண்டும், அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர் பெயரும் சிமென்டில் எழுதியிருக்கும். சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் சாவியோடு வருவார். அவர் வருவதற்குள் மேடையில் இடம் பிடித்திருப்பார்கள்.

செய்தி, வானிலை, விலை நிலவரம், உழவர்களுக்கான நிகழ்ச்சி, பிறகு பாட்டோ நாடகமோ. பருத்தி போட்டவர்களும் மஞ்சள் வெட்டி வைத்திருந்தவர்களும் விலை நிலவரம் வரும்போது சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டுவார்கள். தோட்டத்தில் தனித்தனிச் சாளைகளில் குடியிருந்த ஜனங்கள், திருவிழாவோ சாவோ இல்லாத சாதாரண நாளிலும் ஒன்றாகக் கூட ஒரு காரணம் கிடைத்தது.

எல்லா ஊரிலும் எல்லோரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. மேடையில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். தள்ளி நின்று கேட்டவர்களும் இருந்தார்கள். பெண்கள் பெரும்பாலும் வீட்டு வாசலில் இருந்தே கேட்டார்கள். ஆனால், ஒலிபெருக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சத்தம் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பு வரைக்கும் போனது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பிறகு, கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் மற்ற பகுதிகளைவிட முன்னாலேயே வந்தது. ரேடியோ செய்வதிலும் கோவைக்குப் பங்கு உண்டு. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே சொன்னவர் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு. கோவையில் தயாரான அவருடைய யு.எம்.எஸ். ரேடியோவைப் பரணில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் நம் பக்கம் உண்டு.

திருச்சி சொன்னது... தஞ்சாவூர் நட்டது

நாடு விடுதலை அடைந்தபோது, இந்தியா வசம் இருந்த வானொலி நிலையங்கள் மொத்தம் ஆறு. டெல்லி, மும்பை, கொல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் நிலையங்கள். 1939 மே 16-ல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் கொங்குக்கு அருகில் இருந்தது. 1966-ல் கோவைக்கே நிலையம் வந்தது. திருச்சி சாலையில், ராமநாதபுரத்தில் இருக்கும் அந்த நிலையத்தை மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

வானொலி வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு நெல்லின் கதை போதும். 1960-களின் நடுவில், ஆடுதுறையில் இருந்து ஏ.டி.டி.-27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. குறுவைக்கு ஏற்ற ரகம். அதே சமயம், 1966-ல் திருச்சி உள்ளிட்ட சில நிலையங்களில் உழவர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். எப்போது நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம், எப்போது தண்ணீர் வடிக்க வேண்டும் என்று திருச்சி வானொலி நாள் தவறாமல் சொன்னது. தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் அதைக் கேட்டு நட்டார்கள். கடையில் போய் ரகத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 'ரேடியோ நெல் குடுங்க' என்று கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் கொங்குக்கும் ஒரு பெருமை இருக்கிறது. ஏ.டி.டி.-27 ரகத்தின் பெற்றோரில் ஒன்று ஜப்பானிய நெல். இன்னொன்று, கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1921-ல் வெளியிட்ட ஜி.இ.பி.-24. அதாவது, ரேடியோ நெல்லின் தாய்வீடுகளில் ஒன்று கோவை.

கேட்பதோடு நிற்காமல், கூடிப் பேச வைத்ததும் வானொலிதான். 1956-ல் பூனா வட்டாரத்தில் 150 கிராமங்களில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு பரிசோதனை நடந்தது. கனடா நாட்டு விவசாயிகள் 1941 முதல் செய்துவந்ததைப் பார்த்து எடுத்த யோசனை அது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு. வாரம் இரண்டு நிகழ்ச்சி, பத்து வாரத்துக்கு 20 நிகழ்ச்சிகள். கேட்டு முடித்ததும் குழு உட்கார்ந்து விவாதிக்கும். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதிப் போடும். நிலையம் அடுத்த நிகழ்ச்சியில் பதில் சொல்லும். நல்ல பலன் கிடைத்ததால், 1959-ல் நாடு முழுவதும் வானொலி உழவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். இன்று விவசாயப் பத்திரிகைகளில் வரும் கேள்வி-பதில் பகுதிக்கு, ஒரு வகையில் அந்தக் கடிதங்கள் அண்ணன் முறை!

சென்னை கடற்கரை நிலையத்தின் பெயரைச் சொன்னால், தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. வேளாண்மைப் பட்டம் பெற்றவர். திருநெல்வேலி வானொலியில் பண்ணை நிகழ்ச்சிகளைக் கவனித்தவர். பிறகு சென்னை நிலையத்துக்கு வந்து, 'இன்று ஒரு தகவல்' சொல்லித் தமிழ்நாட்டையே காலையில் சிரிக்க வைத்தார். 2009-ல் அவர் மறைந்தபோது, முகம் பார்த்திராதவர்கள்கூடச் சொந்தக்காரர் போய்விட்டதுபோல வருந்தினார்கள்.

வீட்டுக்குள் போன குரல்

சென்னை நிலையம் கடற்கரைக்குக் குடிவந்த அதே 1954-ல், அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் ரேடியோ முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவு. அது நம் ஊருக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்த பிறகு, ரேடியோ ரூமின் கூட்டம் கரைந்தது. ஏர் ஓட்டுகிறவர் கலப்பை மேழியில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டார். தறிக் கொட்டகையில் ஒன்று, டீக்கடையில் ஒன்று. தபால் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸுக்குப் பணம் கட்டும் முறையும் 1980-களில் நீங்கியது. பிறகு டி.வி. வந்தது. பஞ்சாயத்து ரேடியோ ரூமில் டி.வி. வைத்தார்கள். அதுவும் பழுதானது. கதவைப் பூட்டினார்கள். சாவி எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை.

இன்று அந்த அறைகளின் நிலை ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் குப்பை வண்டி நிறுத்துகிறார்கள். சில ஊர்களில் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் கூரைமேல் அரசமரம் முளைத்து, வேர் சுவரைப் பிளந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் இதுதான். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரே சாலை... நான்கு பாடங்கள்

பழைய கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்ற சண்டை காமராஜர் சாலைக்குப் புதிது இல்லை. வானொலி நிலையத்தில் இருந்து வடக்கே நடந்தால், வழியெல்லாம் அதற்குச் சாட்சி நிற்கிறது.

முதலில் காவல்துறைத் தலைமை அலுவலகம். 1839-ல் கட்டியது. 1990-களில் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டார்கள். மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, தேவைப்பட்ட கூடுதல் இடத்தைப் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைவெளேர் என்று இன்றும் அங்கே அலுவலகம் நடக்கிறது.

அடுத்து, 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி. 2003-ல் இதை அகற்றிவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இருக்கிறது.

இன்னும் வடக்கே ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கிடங்கு. இயந்திர ஐஸ் வந்ததும் அதன் வேலை முடிந்தது. கட்டடத்தின் வாழ்வு முடியவில்லை. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால், இன்று விவேகானந்தர் இல்லமாக மக்கள் வந்து போகும் இடமாகிவிட்டது.

கடைசியாக, சேப்பாக்கம் கலச மகால். 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஆனால், நீதிமன்றம் வரை விஷயம் போய், பொதுப்பணித் துறையே அதை மீட்டுக் கட்டியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே நடக்கிறது. நொய்யல் சாயக்கழிவு போன்ற வழக்குகளைக் கேட்கும் இடம், இடிக்கப்பட இருந்த ஒரு கட்டடம்!

நான்கிலும் ஒரே விஷயம்தான் தெரிகிறது. பூட்டி வைத்த கட்டடம் பிழைக்கவில்லை. ஏதோ ஒரு வேலைக்குப் பயன்பட்ட கட்டடம் பிழைத்தது.

நூறு வயது ஆகாத சங்கடம்

சென்னை வானொலி நிலையம் இப்போதும் இயங்குகிறது என்பதுதான் அதற்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால், அந்தப் பாதுகாப்பு எவ்வளவு நாளைக்கு? சிற்றலை ஒலிபரப்பு படிப்படியாகக் குறைந்துவிட்டது. இப்போது செல்போனில் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைத் திறந்தால், வானொலி கேட்கலாம். ஒலிபரப்புக்கு இவ்வளவு பெரிய கட்டடம் தேவையா என்ற கேள்வி ஒருநாள் வரும். கடலைப் பார்த்த நிலத்தின் மதிப்பை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ பாதை போடும் வேலையும் நடக்கிறது. இனி அந்த இடத்தின் மதிப்பு இன்னும் கூடும்.

சட்டம் காப்பாற்றுமா? 1958-ம் ஆண்டு மத்திய தொல்லியல் சட்டம், குறைந்தது நூறு ஆண்டு ஆன கட்டடத்தைத்தான் பழஞ்சின்னமாக எடுத்துக்கொள்ளும். 1954-ல் குடிபுகுந்த நிலையத்துக்கு அந்தக் கணக்கில் 2054 வரை பொறுக்க வேண்டும். 1960-ல் கட்டிய ஊர் ரேடியோ ரூமுக்கு 2060. மரபுக் கட்டடங்களுக்காகத் தனி ஆணையம் அமைக்க தமிழ்நாடு அரசு 2012-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும், ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன அறைகளை மேலே இருந்து யாரும் தேடி வந்து காப்பாற்ற மாட்டார்கள். அது ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

கடலோரக் கட்டடத்துக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. உப்பு ஈரம் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி உப்பும். உப்பினால் கான்கிரீட் வெடித்து உதிரும். விரிசல் வழியாக இன்னும் உப்பு இறங்கும். ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால், அடுத்த வருஷம் செலவு பல மடங்கு. வரப்பில் எலி வளை விழுந்த கதைதான். கையால் அடைக்க வேண்டியதை விட்டால், கடைசியில் வயலே உடையும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், ஸ்வீடனில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வார்பெர்க் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில், கிரிமெட்டான் என்ற இடத்தில் 1920-களில் கட்டிய வானொலி நிலையம். அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குத் தந்திச் செய்தி அனுப்பியது. 127 மீட்டர் உயரத்தில் ஆறு கோபுரங்கள். 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. பழைய இயந்திரத்தை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24 அன்று அதை ஓட்டி, உலகத்துக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறார்கள். அதற்காக உழைக்கும் உள்ளூர் ஆர்வலர்கள் சங்கமாகவே இயங்குகிறார்கள்.

நம் கடற்கரையிலேயே இன்னொரு திசையிலும் உதாரணம் உண்டு. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி நடக்கிறது. காற்று, அலை, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்கிறது. வானொலியின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பாம்பன் மீனவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

'குடிதண்ணிக்கே வழியில்லே...'

ரேடியோ ரூமைக் காப்பாற்ற வேண்டும் என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து பேசினால், உடனே வரும் எதிர்க்கேள்வி இதுதான்: 'குடிதண்ணிக்கே வழியில்லே, இந்த ஓட்டைக் கட்டடத்துக்குக் காசு செலவு பண்ணணுமா?' நியாயமான கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

இடிந்து விழும் நிலையில் இருக்கும் கட்டடத்தைப் பாசத்துக்காக வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது. ஒன்றியப் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் ஆபத்து என்றால் ஆபத்துதான். ஆனால், பெரும்பாலான ரேடியோ ரூம்கள் சின்னவை; சுவர் தடிமனானவை. பெரிய கட்டடம் போலச் செலவு வைப்பதில்லை. ஊரின் நடுவில், எல்லோரும் வந்து போகும் இடத்தில் இருப்பதால், புதிதாக ஓர் அறை கட்ட இடம் தேடுவதைவிட, இருப்பதைச் சரிசெய்வது பல ஊர்களுக்கு மலிவு.

சரிசெய்து என்ன செய்வது? படிப்பகம் வைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழு கூடும் இடமாக்கலாம். வானிலையும் அன்றைய மஞ்சள், கொப்பரை, பருத்தி விலையும் எழுதிப்போடும் கரும்பலகை வைக்கலாம். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும்போது பலகை எதற்கு என்று தோன்றும். செல்போனில் ஆளுக்கு ஒரு தகவல் வருகிறது. எது உண்மை, எது வதந்தி என்று பிரித்துப் பார்க்கப் பத்துப் பேர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. கேட்டதைக் கூடிப் பேசும் பழக்கத்தைத்தான் ஒரு காலத்தில் ரேடியோ மேடை கொடுத்தது.

உங்கள் ஊர் ரேடியோ ரூமுக்கு என்ன செய்யலாம்?

முதலில், பஞ்சாயத்துச் சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டடம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாது.

அடுத்தது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்பதையும் சேர்த்துத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். 'பாதுகாக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் தாளோடு நின்றுவிடும். 'படிப்பகமாக மாற்ற வேண்டும்' என்றால் அடுத்த அடி வைக்க வழி இருக்கும்.

பழுது பார்க்கும்போது கூரையில் இருந்து தொடங்குங்கள். மழைத் தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் சுவருக்கு வெள்ளை அடிப்பது வீண். கூரையில் முளைத்த ஆல், அரசு கன்றுகளை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால், அதன் மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல், செங்கல் பொரிந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த வயதான கொத்தனார் இன்னும் பக்கத்து ஊர்களில் இருப்பார். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்து விட்டால், தொழிலும் பிழைக்கும். கான்கிரீட் கூரையில் கம்பி தெரிந்தால், உதிரும் பகுதியைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்த பிறகே காரை பூச வேண்டும்.

கதவுக்கு மேல் இருக்கும் ஆண்டையும் பெயரையும் அழிக்காதீர்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் முதலில் மறைப்பது அதைத்தான். அதுதான் அந்தக் கட்டடத்தின் பிறப்புச் சான்றிதழ்.

இடிப்பதைத் தவிர வழியே இல்லை என்றாலும், அதற்கு முன்பு நான்கு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே பழைய பெட்டியோ ஒலிபெருக்கியோ இருந்தால், எடைக்குப் போட வேண்டாம். ஊர்ப் பள்ளியில் ஒரு மூலையில் வையுங்கள்.

செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. அந்த மேடையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். யார் சாவி வைத்திருந்தார், எந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியது, யார் மேடையில் உட்கார்ந்தார், யார் தள்ளி நின்றார், ரேடியோவில் கேட்டு எந்த விதையை வாங்கினார்கள் என்று கேட்டு, உங்கள் செல்போனிலேயே பதிவு செய்யுங்கள். கட்டடத்துக்கு 2060 வரை நேரம் இருக்கலாம். அவர்களுக்கு இல்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் சென்னை போகிறவர்கள், மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பி மேற்குப் பக்கம் பாருங்கள். கலங்கரை விளக்கத்துக்கு அருகே இருக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டி, 'உங்க தாத்தா சாயங்காலம் கேட்ட குரல் இங்கிருந்துதான் வந்துச்சு' என்று சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும், தலைவாசலில் பூட்டிக் கிடக்கும் அறையையும் காட்டுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.